மறுப்பு வரவில்லை என்று நான் எழுதிய நாள்

சங்கங்களின் கூட்டான சமாச அலுவலகத்தின் கடிதங்களைப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருப்பதாகத் தலைவர் சொன்னார். "ஒருக்கா வந்து அவையோடை கதைச்சிட்டுப் போமன்" என்று கூப்பிட்டார். ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. பதினாறு வருடம் நான் அந்தக் கதிரையில் இருந்ததே வாய் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால்தான். எழுதித் தருகிறேன் என்றேன். அதனால் இது.

எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று உங்களுக்குப் பாடமெடுத்திருப்பார்கள். அதை நான் எழுதவில்லை. நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் ஜெயபுரத்தில் வளர்ந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கள் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டில் நாங்கள் கதைக்கும் தமிழ் வேறு. ரெலிபோனில் நான் "ஆமாங்க" என்றால் மறுமுனையில் ஒரு சிரிப்புக் கேட்கும். "என்ன தம்பி, இந்தியாவிலை இருந்தோ எடுக்கிறியள்?" என்பார்கள். பிறகு "ஓம்" பழகினேன். ஆனால் அது எப்போதும் அரை விநாடி பிந்தித்தான் வந்தது. சமாசத்தில் தேத்தண்ணி போடவும் கதவு திறக்கவும் சேர்ந்தவன், கணினி வந்தபோது மற்றவர்கள் பொறுமையில்லாமல் எழும்பிப் போனதால் அதன் முன்னால் இருந்தேன். எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன். பிழை குறைவு என்று தலைவர் கண்டார். "இனி நீர்தான்" என்றார். அவ்வளவுதான் என் நியமனம்.

கடலோர நீர்ப்பரப்பான களப்பைச் சுற்றி இருபத்திரண்டு கடற்றொழிலாளர் சங்கங்கள், எட்டுக் கமக்கார அமைப்புகள், சில அலுவலகங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஓர் அஞ்சற் பட்டியல். ஒரே முகவரிக்குக் கடிதம் அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச்சேரும். அப்படிப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் [களப்பு] என்ற சொல்லைப் பட்டியலே ஒட்டிவிடும். வட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காலை வணக்கப் பூக்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவில் ஓர் அறிவித்தலைத் தேடிப் பாருங்கள். முகத்துவாரம் வெட்டும் அறிவித்தல் மட்டும் கடிதமாகத்தான் போகவேண்டும், பதிலும் கடிதமாகத்தான் வரவேண்டும் என்பது எல்லோரும் கூடி எடுத்த முடிவு.

அந்த அறிவித்தல்தான் எங்கள் வேலையின் உயிர். மாரியில் களப்பு நிரம்பும். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு மணல் திட்டு. தண்ணீர் ஏற ஏறக் கரையோர வயல்கள் மூழ்கும். கமக்காரர் திட்டை வெட்டச் சொல்வார்கள். பெக்கோ இயந்திரம் வந்து மணலைக் கிழித்தால் களப்பு கடலுக்குள் பாயும். அந்த இழுவையில், தடி நட்டுக் கட்டிய இறால் பிடிக்கும் சிறகுவலைகள் தடியோடு பிடுங்குப்பட்டுப் போகும். ஆகவே முதலில் அறிவித்தல். வலையை எடுத்த சங்கம் "எடுத்தாச்சு" என்று எழுதும். எடுக்க முடியாத சங்கம் மறுநாள் மதியத்துக்குள் மறுப்பு எழுதும். மறுப்பு வந்தால் ஒரு நாள் பொறுப்பார்கள். வராவிட்டால் சம்மதம். வந்ததா வரவில்லையா என்று தாளில் எழுதித் தலைவரிடம் கொடுப்பது இனி உங்கள் கை. அப்போது என் கை.

நான் முதன்முதல் பட்டியலுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பிய அன்று அது எனக்குத் திரும்பி வரவில்லை. நானும் பட்டியலில் ஓர் ஆள். மற்றவர்கள் எழுதுவது எல்லாம் எனக்கு வருகிறது. நான் எழுதியது மட்டும் வரவில்லை. போகவில்லை என்று நினைத்துத் திரும்ப அனுப்பினேன். பிறகு இன்னொரு தடவை. பின்னேரம் ஒரு சங்கத் தலைவர் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, மூண்டு கடிதம் வந்திருக்கு. மூண்டு இடத்திலையோ வெட்டப்போறியள்?"

வவுனியாவிலிருந்து மாதம் ஒரு தடவை எங்கள் கணினிகளைப் பார்க்க ஒரு பிள்ளை வரும். என்னைவிட இருபது வயது இளையது. இந்த வேலையில் எனக்குக் குரு என்று ஒருவர் இருந்தால் அது அந்தப் பிள்ளைதான். "அண்ணை, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் இலக்கம் இருக்கு. நீங்கள் அனுப்பினது உங்கட பெட்டியிலை ஏற்கனவே கிடக்கு. அதே இலக்கத்தோடை பட்டியலாலை திரும்பி வந்தா, இந்தச் சேவை 'இது இவரிட்டை இருக்கிறதுதானே' எண்டு காட்டாமல் விட்டிடும். உங்கட குரல் உங்களுக்குக் கேட்காது. மற்றவைக்குக் கேட்கும்" என்றது.

அன்றைக்கே அந்தப் பிள்ளை இன்னொன்றும் காட்டியது. கடிதத்தின் மேல் நாங்கள் வழமையாகப் பார்க்காத ஒரு மறைந்த தலைப்பகுதி உண்டு. கடித உறையில் தபாற்கந்தோர் குத்தும் முத்திரைகள் மாதிரி. பட்டியலூடாக வந்த கடிதத்தில், அங்கே 'லிஸ்ற்-ஐடி' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். ஒருவர் தனியாக எழுதிய கடிதத்தில் அந்த வரி இருக்காது. "எப்பவாவது கடிதங்களைப் பிரிச்சு வைக்க வேண்டி வந்தா, தலைப்பிலை இருக்கிற சொல்லைப் பாக்காதேங்கோ. இந்த வரியைப் பாருங்கோ. விளங்கிச்சோ அண்ணை?"

திரை முழுக்க ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதைச் சொல்ல வெட்கம். தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை நினைவில் வையுங்கள்.

கடற்கரை ஊர் ஒன்றின் சங்கத்துக்கு ஒரு பெண் செயலாளராக இருந்தா. முன்பு பாலர் பள்ளியில் படிப்பித்தவ. ஊரில் எல்லோரும் ரீச்சர் என்பார்கள். என் அறிவித்தல் ஒன்றுக்கு ஒருநாள் அவவிடமிருந்து எனக்கு மட்டும் பதில் வந்தது. "எனக்குக் காது கேட்காது. ரெலிபோனில் சொல்லிப் பயனில்லை. எழுதினால் வாசிப்பேன்."

எங்கள் பட்டியலில் 'பதில்' என்பதை அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும். பட்டியலில் எல்லோரும் பார்க்கவேண்டுமானால் அதன் முகவரிக்கு எழுதவேண்டும். ரீச்சர் எப்போதும் கடைசியாக வந்த அறிவித்தலைத் திறந்து 'பதில்' அழுத்தி எழுதுவா. நானும் அதன் கீழேயே பதில் எழுதுவேன். முதலில் வலை, காற்று, தண்ணீர் மட்டம். பிறகு அவவின் கோழி அடைக்கு இருந்தது, எங்கள் அலுவலக முற்றத்து வேம்பு விழுந்தது, இப்படி. நான் அப்போது தண்ணீரூற்றில் ஓர் அறையில் இருந்தேன். வேலை முடிந்து போனால் மறுநாள் காலைவரை என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். குரல் கேட்காத ஒருவரும், குரலைக் காட்ட வெட்கப்பட்ட ஒருவரும் எழுதிக்கொண்டோம். காலையில் கதவு திறந்ததும் தேத்தண்ணிக்கு முன் கணினியைப் போடுகிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

அந்த வருட மாரி தொடங்கியபோது, பட்டியலில் இருந்த ஓர் அலுவலகத்தில் யாரோ விடுமுறையில் போனார். போகும்போது, தனக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒழுங்கான பெட்டி அந்த மறைந்த வரியைக் கண்டால், இது கூட்டத்துக்கு வந்தது என்று பேசாமல் இருக்கும். அவருடைய பெட்டி பட்டியலுக்கே பதில் போட்டது. அந்தப் பதில் பட்டியலால் அதே பெட்டிக்குத் திரும்பி வர, அது அதற்கும் பதில் போட்டது. மதியத்துக்குள் எங்கள் எல்லோரிடமும் நானூறு விடுமுறைக் கடிதங்கள். "இவர் லீவிலை நிண்டும் எங்களைவிடக் கூட வேலை செய்யிறார்" என்றார் தலைவர்.

வவுனியாப் பிள்ளை வர இன்னும் மூன்று கிழமை இருந்தது. ரெலிபோனில் கேட்டிருக்கலாம். கேட்டால், அன்றைக்கு விளங்கவில்லை என்று சொல்லவேண்டி வரும். நானே ஒரு விதி வைத்தேன். தலைப்பில் [களப்பு] என்று தமிழில் இருந்தால், நேரே ஒரு தனி உறைக்குள் போ என்று. தமிழ் எனக்கு வாசிக்க வரும்தானே. பெட்டி துப்புரவானது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் படித்தவர்கள், பிழை எங்கே என்று கண்டிருப்பீர்கள். ரீச்சர் எனக்குத் தனியாக எழுதிய கடிதங்களின் தலைப்பிலும் [களப்பு] இருந்தது. அறிவித்தலுக்குப் பதிலாகத்தானே அவை வந்தன. ஒட்டிய சொல் ஒட்டியபடியே கூட வந்தது. பட்டியல் அவற்றைத் தொட்டதேயில்லை. என் விதிக்கு அது தெரியாது.

அந்த விதி வைத்ததற்கு முதல் நாள் நான் அவவுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். "நீங்கள் வீட்டில் தனியாகவா இருக்கிறீர்கள்?" அனுப்பிய பிறகு மூன்று தடவை வாசித்தேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இருந்தது.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை இல்லை. கேள்விதான் காரணம் என்று முடிவு செய்தேன். மறுபடி எழுதி மன்னிப்புக் கேட்டால் இன்னும் அசிங்கம் என்று நினைத்தேன். அறிவித்தல்களில் வழமைக்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. காலையில் முதலில் தேத்தண்ணி போட்டேன், பிறகு கணினி.

களப்பு உறையை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்தேன், பார்ப்பது மாதிரி. ஓர் அறிவித்தலும் அதற்கு வந்த பதில்களும் அங்கே ஒரே தலைப்பின் கீழ் கொத்தாகக் கிடக்கும். முப்பது பேர் "நன்றி" என்று எழுதியிருப்பார்கள். சனிக்கிழமையில் கொத்தைத் திறக்காமலே 'எல்லாம் வாசித்தாயிற்று' என்ற பொத்தானை அழுத்துவேன். முக்கியமான மறுப்பு என்றால் யாராவது ரெலிபோனும் எடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. கடிதத்தை மட்டும் நம்பியிருக்கும் ஓர் ஊரின் செயலாளருக்குக் காது கேட்காது என்பது எனக்கு மட்டும்தான் அலுவலகத்தில் தெரியும்.

மழை விடாமல் பெய்தது. வயல்களில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை அறிவித்தல் அனுப்பினேன்: வியாழன் விடிய ஆறு மணிக்கு வெட்டு, மறுப்பிருந்தால் புதன் மதியத்துக்குள்.

புதன் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மட்டும் பார்த்தேன், உறையைத் திறக்கவில்லை. ஒன்றுமில்லை. ரெலிபோனும் வரவில்லை. "மறுப்பு வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தலைவரிடம் கொடுத்தேன். பெக்கோ மணல் திட்டுக்குப் போய்விட்டது.

மூன்றரை மணிபோல, கோப்பில் வைக்க "எடுத்தாச்சு" பதில்களை அச்சடிக்கச் சொன்னார் தலைவர். அதற்காக உறைக்குள் போய்க் கொத்தைத் திறந்தேன். எண்ணினால் இருபத்தொன்று. ரீச்சரின் சங்கம் இல்லை. இன்னும் கீழே போனேன். அவவின் பெயர் இருந்தது. பட்டியலுக்கு இல்லை, எனக்கு. காலை ஒன்பது மணிக்கு வந்திருந்தது.

"அப்பா இன்று விடிய இறந்துவிட்டார். நாளை பின்னேரம் அடக்கம். ஊரில் ஒரு தொழிலாளி இறந்தால் அடக்கம் முடியும்வரை நாங்கள் ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லை. பதினொரு வலை நிற்கிறது. ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்."

அதற்கு முந்திய கொத்துகளையும் திறந்தேன்.

"தனியாக இல்லை. அப்பாவோடு இருக்கிறேன். அவர் கதைப்பது எனக்கு உதட்டில் விளங்கும். நீங்கள் தனியோ?"

"போன கடிதம் கிடைத்ததோ தெரியாது. அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்."

"ஆஸ்பத்திரியால் கூட்டிவந்துவிட்டோம். வீட்டில் வைத்திருங்கள் என்றார்கள். உங்களுக்கு இப்போது வேலை கூடவாக்கும்."

மூன்றும் 'வாசித்தாயிற்று' என்று இருந்தன.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அப்போது எனக்கு ஒரு வழி இருந்தது. மறுப்பு மதியத்துக்கு முன் வந்ததென்று எனக்கு மட்டும்தான் தெரியும். கொத்தை மூடிவிட்டு இருபத்தொன்றை அச்சடித்திருந்தால், செத்தவீட்டில் இருந்தவர்கள் எழுத மறந்துபோனார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒரு நிமிடம் அப்படியே இருந்தேன். அந்த நிமிடத்தை நான் மறைக்கவில்லை. உங்களுக்கும் அது வரும். வரும்போது கதிரையை விட்டு எழும்புங்கள். இருந்துகொண்டு யோசித்தால் மூடத்தான் தோன்றும்.

எழும்பிப் போய்த் தலைவரிடம் சொன்னேன்.

"நாலு மணிக்கு வந்து சொல்லுறீரோ?" என்றார். "பெக்கோக்காரன் திட்டிலை சோறு சமைக்கிறான். கமக்காரர் மூண்டு நாளாய்ப் பயிருக்கு மேலை தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்கினம். ஆர் அவையிட்டைச் சொல்லுறது?"

அவர் ரெலிபோனைத் தூக்கி என் கையில் வைத்தார். "பிழை உம்முடையது. நீர் கதையும்."

கமக்கார அமைப்புகளுக்காகப் பேசும் தலைவரோடு கதைத்தேன். "ஓம்" அன்றைக்கு வரவேயில்லை. "ஆமாங்க, என் தப்புதாங்க" என்றுதான் வந்தது. மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் ஏலாது தம்பி. நாளைக்கும் தண்ணி நிண்டா பயிர் அழுகிப்போம். நாங்கள் எங்கை போறது?" என்றார். பிறகு, "மூண்டு மணித்தியாலம் தாறம். ஒன்பதுக்குப் பெக்கோ இறங்கும்" என்றார்.

மூன்று மணித்தியாலம். ஆனால் அந்த ஊரார் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அடுத்த ஊர்ச் சங்கத் தலைவருக்கு எடுத்தேன். ஒரு நாளில் நான் இரண்டு பேருக்கு ரெலிபோன் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"மற்றவன்ரை வலையிலை கை வைக்கச் சொல்லுறியளோ?" என்றார். "களப்பிலை இதைவிடப் பெரிய கதை வேறை இல்லை தெரியுமே? நாளைக்கு ஒரு தடி குறைஞ்சா எங்களைத்தான் கள்ளர் எண்டுவினம்."

"அவங்களே சொன்னா?"

"செத்தவீட்டுக்காரர் தங்கட வாயாலை சொல்லட்டும். விடிய இறங்கிறம்."

அலுவலக மோட்டார் சைக்கிளில் போனேன். ஊர் எல்லையிலேயே வேதக்கோவில் மணி விட்டுவிட்டு அடிப்பது கேட்டது. வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல், கதிரைகளில் ஆண்கள். வாசற் படலையில் நின்றேன்.

"ஆர் தம்பி?" என்றார் ஒருவர்.

"சமாச அலுவலகத்திலை இருந்து வாறன்."

"ஓ. ரீச்சர் கடிதம் போட்டவ. பதில் வரேல்லை எண்டா. இப்ப பதிலே நடந்து வந்திருக்கு." இரண்டு பேர் சிரித்தார்கள். பொறுப்பாங்கள்தானே, அடக்கம் முடியாமல் வெட்டமாட்டாங்கள்தானே என்று இன்னொருவர் கேட்டார். அவர்களில் ஒருவரும் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுக்காததற்குக் காரணம் அதுதான். ரீச்சர் எழுதினால் அலுவலகம் கேட்கும் என்று அவர்களுக்குப் பழக்கம்.

ஒன்பது மணி என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

ரீச்சரை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன். அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் இருந்தா. வழியில் ஒரு கடையில் நிறுத்தி எழுதிய தாளைக் கொடுத்தேன். "உங்கள் கடிதம் நேரத்துக்கு வந்தது. நான் பார்க்கவில்லை. பிழை என்னுடையது. நாளை ஒன்பதுக்கு வெட்டுகிறார்கள். நீங்கள் சொன்னால் அடுத்த ஊர் ஆட்கள் விடிய வந்து உங்கள் ஊர் வலைகளை எடுத்துக் கரையில் வைப்பார்கள்."

இரண்டு தடவை வாசித்தா. பிறகு என்னைப் பார்த்து வாயால் சொன்னா. தன் குரலின் அளவு தனக்குத் தெரியாத ஒருவரின் உரத்த குரல். வீடு முழுக்கக் கேட்டது.

"நாலு கடிதம் போட்டனான்."

தாளை வாங்கி, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். விதி வைத்தது, தலைப்பில் ஒட்டிய சொல், உறை, கொத்து. எழுத எழுத நீண்டுகொண்டு போனது. மூன்று கிழமை உங்களை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. அவ வாசித்துவிட்டுத் தலையாட்டினா. அது விளங்கியவர் ஆட்டும் தலை இல்லை. அப்படி ஆட்டிப் பழகியவனுக்கு அது தெரியும்.

பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினா. "எடுக்கட்டும். அப்பாவின்ரை தடியிலை இருந்து தொடங்கட்டும்."

"பிள்ளை, வேறை ஊர்க்காரன்ரை கை எங்கட வலையிலை..." என்று ஒருவர் எழும்பினார். அவ அவருடைய வாயைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். நான் வெளியே போய் அடுத்த ஊருக்கு எடுத்து, "சொல்லிட்டாங்க" என்றேன்.

விடிய ஐந்தரைக்குக் கரைக்குத் திரும்பிப் போனேன். அடுத்த ஊரிலிருந்து ஆறு வள்ளம் வந்தது. ரீச்சரின் ஊர் ஆண்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். கால் நனையாமல் தண்ணீரின் விளிம்பில் நின்று, "இடப்பக்கம் முடிச்சு! அதை அவிழ்க்காதை, வெட்டு!" என்று கத்தினார்கள். தங்கள் வலையைத் தாங்கள் தொடாமல் மற்றவன் எடுப்பதைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பதினொரு வலையில் ஒன்பது கரைக்கு வந்தது. பத்தாவதின் தடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது திட்டில் பெக்கோவின் சத்தம் கேட்டது. வள்ளங்கள் கரைக்கு ஓடிவந்தன. தண்ணீர் முதலில் அசையாத மாதிரி இருந்தது. பிறகு இரண்டு வலையும் தடியோடு நடந்து போயின.

அவற்றில் ஒன்றின் உரிமையாளர் எனக்குப் பக்கத்தில் நின்றார். என்னைத் திட்டவில்லை. "வயலுக்காவது வடியட்டும்" என்று சொல்லிவிட்டுச் செத்தவீட்டுக்குப் போனார். அடக்கத்துக்கு நிற்க எனக்கு முகமில்லை. திரும்பிவிட்டேன்.

அடுத்த முறை வவுனியாப் பிள்ளை வந்தபோது, "அண்டைக்கு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எனக்கு இங்கிலீஸ் வாசிக்க வராது" என்றேன். சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. ஒரு மட்டையில் அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியது. "வாசிக்கத் தேவையில்லை அண்ணை. உருவத்தைப் பாருங்கோ. அதே உருவம் இருந்தா எல்லாருக்கும் வந்தது. இல்லாட்டி உங்களுக்கு மட்டும் வந்தது." பழைய விதியை அழித்து, அந்த வரி இருந்தால் மட்டும் உறைக்குள் போகும்படி புதியதை வைத்தோம். வைத்துவிட்டுச் சரிபார்த்தோம். ஒரு விதி எதைத் தள்ளுகிறது என்பதையும், தள்ளக் கூடாத எதைத் தள்ளிவிடுகிறது என்பதையும் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். விளங்காததை விளங்கியதாகக் காட்டினால், அந்தக் கடனை வேறு யாரோ கட்டவேண்டி வரும். நான் உங்களுக்குச் சொல்ல வைத்திருந்த புத்தி இவ்வளவுதான்.

ரீச்சருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். புதிய தலைப்போடு, அவவின் முகவரிக்கு மட்டும். இனித் தவறாது, எழுதினால் அன்றே பார்ப்பேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை. இந்தத் தடவை எல்லா உறைகளையும் திறந்து பார்த்தேன். குப்பைக் கடிதங்கள் விழும் பெட்டியைக்கூடப் பார்த்தேன்.

மாசி மாதம் களப்பில் ஒரு கணக்கெடுப்புக்காக அறிவித்தல் அனுப்பினேன். மறுநாள் காலை களப்பு உறைக்குள் ரீச்சரின் பெயர் கிடந்தது. "அறிவித்தல் கிடைத்தது. எங்கள் சங்கம் வரும்." கீழே சங்கத்தின் பெயரும் செயலாளர் என்ற பதவியும்.

விதி மறுபடியும் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்கச் சந்தோசமாக இருந்தது. கடிதத்தின் மறைந்த தலைப்பகுதியைத் திறந்து, மட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வரி வரியாக விரல் வைத்துத் தேடினேன்.

அந்த வரி இருந்தது. அவ எல்லோருக்கும் எழுதியிருந்தா.